‘தவறு’ என்று சொல்லும் முன்: தானே திருத்தும் எக்செல் வினாத்தாள்

ஏழாம் வகுப்பில் முழுக்கள் பாடம் முடிந்த வாரம். கூட்டல், கழித்தலில் 10 கணக்குகள் கொண்ட வினாத்தாள் ஒன்றை எக்செல்லில் தயாரித்து, உயர் தொழில்நுட்ப ஆய்வகத்தில் மாணவர்களுக்குக் கொடுத்திருந்தேன். விடையைத் தட்டச்சு செய்தவுடன் பக்கத்துக் கட்டத்தில் ‘சரி’ அல்லது ‘தவறு’ என்று வந்துவிடும். ஆய்வகமே கலகலப்பாக இருந்தது. நானும் மகிழ்ச்சியாக இருந்தேன்.

நான்காவது கணக்கு (−7) + 12. சற்று நேரத்தில் முன்வரிசையிலிருந்து ஒரு மாணவன் கத்தினான். “டீச்சர், அஞ்சுதானே வரும்? இது தப்புன்னு காட்டுது!” இன்னும் இரண்டு பேர் அதையே சொன்னார்கள். போய்ப் பார்த்தேன். அவர்கள் சொன்னது சரி. தாள்தான் தவறாகத் திருத்தியிருந்தது. “அந்தக் கணக்கை விட்டுடுங்க, அடுத்ததுக்குப் போங்க” என்று சொல்லிச் சமாளித்துவிட்டேன்.

மாலையில் குறிப்பேடுகளைப் பார்த்தபோதுதான் அந்த மாணவியின் பக்கம் கண்ணில் பட்டது. வகுப்பில் அதிகம் பேசாத பெண். எண்கோடு வரைந்து, −7இல் தொடங்கி, வலப்பக்கம் 12 அலகு நகர்ந்து, 5இல் அழகாக அம்புக்குறி போட்டிருந்தாள். அதன் மேல் பெரிய பெருக்கல் குறி. கீழே 19 என்று எழுதி அடித்திருந்தாள். பிறகு −19, பிறகு −5. நான் ‘விட்டுடுங்க’ என்று சொல்வதற்குள் இத்தனையும் நடந்திருக்கிறது.

மறுநாள் கேட்டேன். “ஏம்மா இதை அடிச்சே? இது சரிதானே?”

“கம்ப்யூட்டர் தப்புன்னு சொல்லுச்சு டீச்சர்.”

தன்மேல் நம்பிக்கை உள்ள மூன்று பேர் கணினியைச் சந்தேகித்தார்கள். நம்பிக்கை குறைந்த அந்தப் பெண் தன்னையே சந்தேகித்தாள். நாம் தயாரிக்கும் தாளில் உள்ள ஒரு சிறு பிழை, யாருக்கு உதவத் தயாரித்தோமோ அந்தக் குழந்தையைத்தான் முதலில் பாதிக்கிறது. தானே திருத்தும் வினாத்தாளை எப்படிச் செய்வது என்பதோடு, அது தவறாகத் திருத்தாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதையும் சக ஆசிரியர்களோடு பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறேன்.

எதற்கு இந்தத் தாள்?

36 குறிப்பேடுகளைத் திருத்தித் திருப்பிக் கொடுக்க நமக்கு ஒருநாளாவது ஆகிறது. அதற்குள் மாணவர் அந்தக் கணக்கை மறந்து அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறார். சிவப்பு மையில் உள்ள குறியைப் பார்க்கிறாரே தவிர, எங்கே தவறினோம் என்று யோசிப்பதில்லை. போட்டவுடனே தெரிந்தால், மனத்தில் கணக்கு சூடாக இருக்கும்போதே திருத்திக்கொள்ள முடியும். அந்த நேரத்தில் நாம் உண்மையில் உதவி தேவைப்படும் நான்கைந்து பேரின் அருகில் உட்காரலாம். எக்செல்லோ, விலையின்றிக் கிடைக்கும் லிப்ரெஆபிஸ் கால்க்கோ போதும். இணைய இணைப்பு தேவையில்லை.

தாளை அமைக்கும் முறை

ஒரே கோப்பில் இரண்டு தாள்கள் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்கு ‘வினா’, மற்றொன்றுக்கு ‘விடை’ என்று பெயரிடுங்கள்.

‘வினா’ தாளில் ஏ நிரலில் வரிசை எண், பி நிரலில் கேள்வி, சி நிரலில் மாணவர் விடை எழுதும் இடம், டி நிரலில் கணினியின் பதில். முதல் வரிசை தலைப்புகளுக்கு. இரண்டாம் வரிசையிலிருந்து கேள்விகள்.

‘விடை’ தாளில் அதே வரிசைகளில், பி நிரலில் சரியான விடை, சி நிரலில் மாணவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறான விடை, டி நிரலில் அந்தத் தவறுக்கான குறிப்பு, இ நிரலில் வேறு எந்தத் தவறு வந்தாலும் காட்ட வேண்டிய பொதுக் குறிப்பு.

இப்போது ‘வினா’ தாளின் டி2 கட்டத்தில் எழுத வேண்டிய சூத்திரம் இது. இங்கே ஒலிப்பைத் தமிழ் எழுத்தில் தருகிறேன். கணினியில் கட்டளைச் சொற்களையும் கட்டப் பெயர்களையும் ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்ய வேண்டும்.

=இஃப்(சி2="","",இஃப்(சி2=விடை!பி2,"சரி",இஃப்(சி2=விடை!சி2,விடை!டி2,விடை!இ2)))

இதன் பொருள்: சி2 காலியாக இருந்தால் ஒன்றும் காட்டாதே. சரியான விடையோடு பொருந்தினால் ‘சரி’ என்று காட்டு. வழக்கமான தவறோடு பொருந்தினால் அதற்குரிய குறிப்பைக் காட்டு. இரண்டும் இல்லையென்றால் பொதுக் குறிப்பைக் காட்டு.

‘விடை’ தாளின் கட்டங்களைக் கையால் தட்டச்சு செய்ய வேண்டாம். சூத்திரம் எழுதும்போது அந்த இடம் வந்ததும், கீழே உள்ள ‘விடை’ தாளைச் சொடுக்கி, உரிய கட்டத்தைச் சொடுக்குங்கள். முகவரி தானாகவே சரியாக எழுதப்பட்டுவிடும். வேர்டில் எழுதி ஒட்டுவதையும் தவிர்க்கலாம். வேர்டின் வளைந்த மேற்கோள் குறிகளை எக்செல் ஏற்காது. நேரான குறிகளே வேண்டும். சூத்திரம் சரியாக வந்த பிறகு, கட்டத்தின் வலது கீழ் மூலையைப் பிடித்துக் கீழே இழுத்தால் மற்ற வரிசைகளுக்கும் வந்துவிடும்.

வழக்கமான தவறு எதுவும் தோன்றாத கேள்விக்கு ‘விடை’ தாளின் சி கட்டத்தைக் காலியாக விடாமல் ஒரு சிறு கோடு போட்டு வையுங்கள். காலிக் கட்டத்தைக் கணினி பூஜ்ஜியத்துக்குச் சமமாக எடுத்துக்கொள்ளும். மாணவர் 0 என்று விடை எழுதினால் குழப்பம் வரும்.

10 கேள்விகள் இருந்தால் மொத்த மதிப்பெண்ணுக்கு =கவுண்ட்இஃப்(டி2:டி11,"சரி") போதும்.

‘தவறு’ என்ற சொல் போதாது

முதலில் நான் செய்த தாளில் ‘சரி’, ‘தவறு’ இரண்டு மட்டுமே இருந்தன. ‘தவறு’ என்று கண்ட மாணவர் என்ன செய்வார்? வேறொரு எண்ணைப் போட்டுப் பார்ப்பார். 19 இல்லையா, −19. அதுவும் இல்லையா, −5. அது கற்றல் அல்ல, குலுக்கல். என் மாணவி குறிப்பேட்டில் செய்தது அதுதான். அவளுக்கு அந்தத் தாள் வேறு வழி எதையும் காட்டவில்லை.

அதனால்தான் வழக்கமான தவறுக்கென்று தனி நிரல் சேர்த்தேன். எந்தக் கேள்வியில் எந்தத் தவறு வரும் என்பது பல ஆண்டுகள் குறிப்பேடு திருத்திய நமக்குத்தான் தெரியும். சில எடுத்துக்காட்டுகள்:

(−7) + 12 என்ற கணக்கில் −5 என்று எழுதினால்: “−7இல் நின்று வலப்பக்கம் 12 அலகு நகர்ந்து பார். பூஜ்ஜியத்தைத் தாண்டினாயா?”

(−4) − (−9) என்ற கணக்கில் −13 என்று எழுதினால்: “−9ஐக் கழிப்பது என்றால் அதன் எதிரெண்ணைக் கூட்டுவது. −9இன் எதிரெண் எது?”

0.5 + 0.25 என்ற கணக்கில் 0.30 என்று எழுதினால்: “0.5 என்பதை 0.50 என்று எழுதி, புள்ளிக்கு நேர் புள்ளி வைத்துக் கூட்டிப் பார்.”

சமூக அறிவியலில், தமிழ்நாட்டின் மிக உயரமான சிகரம் எது என்ற கேள்விக்கு ஆனைமுடி என்று தேர்ந்தெடுத்தால்: “மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரமான சிகரம் அது. ஆனால் எந்த மாநிலத்தில் உள்ளது? வரைபடத்தைப் பார்.”

ஆங்கிலத்தில் ‘வென்ட்’ என்பதற்குப் பதிலாக ‘கோ’ என்ற சொல்லோடு ‘ஈடி’ சேர்த்து எழுதினால்: “எல்லா வினைச்சொல்லுக்கும் ‘ஈடி’ சேராது. பாடநூலில் உள்ள வினைச்சொல் பட்டியலைப் பார்.”

குறிப்பில் விடையைச் சொல்லிவிடக் கூடாது. அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது மட்டும் இருக்க வேண்டும். வகுப்பில் அந்த மாணவர் அருகே நின்றிருந்தால் என்ன கேட்டிருப்போமோ, அதையே எழுதினால் போதும்.

நிறம் சேர்க்க விரும்பினால் ‘கண்டிஷனல் ஃபார்மேட்டிங்’ வழியாக ‘சரி’ என்று வரும் கட்டத்துக்கு மட்டும் பச்சை கொடுங்கள். தவறுக்குச் சிவப்பு வேண்டாம் என்பது என் அனுபவம். பக்கத்தில் இருப்பவருக்குத் தெரிந்துவிடும் என்று சில குழந்தைகள் திரையை மறைக்கத் தொடங்கினார்கள்.

சரியான விடை ‘தவறு’ ஆகும் இடங்கள்

1. எண், எழுத்தாகப் பதிவாவது: அன்று எங்கள் வகுப்பில் நடந்தது இதுதான். அந்தக் கோப்பு முந்தைய மாதம் பின்னங்களுக்காகச் செய்தது. அதில் நான்காவது கேள்வியின் கட்டத்தை ‘டெக்ஸ்ட்’ என்ற வடிவத்தில் வைத்திருந்தேன். அதை மறந்து, கேள்விகளை மட்டும் மாற்றிவிட்டேன். மாணவர்கள் எழுதிய 5 கணினிக்கு எண்ணாகத் தெரியாமல் எழுத்தாகத் தெரிந்தது; விடைத்தாளில் இருந்த 5 எண். இரண்டும் சமமில்லை என்றது. கண்டுபிடிப்பது எளிது: நாம் சீரமைப்பை மாற்றாத வரை, எண் கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்து இடப்பக்கம் நிற்கும். ‘ஃபார்மேட் செல்ஸ்’ சென்று ‘ஜெனரல்’ அல்லது ‘நம்பர்’ என்று மாற்றிவிட்டு, உள்ளே இருப்பதை அழித்து மீண்டும் தட்டச்சு செய்ய வேண்டும்.

2. அலகையும் சேர்த்து எழுதுவது: ‘5 செ.மீ.’ என்று எழுதும் நல்ல பழக்கம் இங்கே தவறாகிவிடும். அலகைப் பக்கத்துக் கட்டத்தில் நாமே அச்சிட்டு வைத்துவிட்டு, எண்ணை மட்டும் கேட்கலாம்.

3. பின்னம் தேதியாவது: 3/4 என்று எழுதினால் எக்செல் அதைத் தேதியாக மாற்றிவிடும். பின்னத்துக்குத் தொகுதி, பகுதி என இரண்டு கட்டங்கள் வைப்பதே நல்லது. 1/2 + 1/3 என்ற கேள்விக்கு சி2இல் தொகுதி, டி2இல் பகுதி எழுதச் சொல்லி, பதிலை இ2இல் வைத்துக்கொள்ளலாம். இரண்டு கட்டங்களும் நிரம்பியுள்ளனவா, பகுதி பூஜ்ஜியமாக இல்லையா என்று முதலில் பார்த்துவிட்டு, சி2*6=டி2*5 என்று குறுக்குப் பெருக்கல் வழியாகச் சோதித்தால், 5/6 மட்டுமன்றி 10/12 என்று எழுதியவருக்கும் ‘சரி’ கிடைக்கும். சமான பின்னத்தைச் சொல்லிக் கொடுத்துவிட்டு, அதை எழுதியவரைத் ‘தவறு’ என்று சொல்லக் கூடாதல்லவா?

4. சொற்களில் இடைவெளி: ஆங்கிலச் சொல்லை எழுதிவிட்டு இடைவெளிப் பட்டையை ஒருமுறை தட்டிவிடுவார்கள். கண்ணுக்குத் தெரியாது, கணினிக்கு அது வேறு சொல். சூத்திரத்தில் சி2 வரும் இடத்தில் டிரிம்(சி2) என்று எழுதினால் முன்னும் பின்னும் உள்ள இடைவெளிகள் நீங்கும். ஆனால் எண் விடைகளுக்கு டிரிம் பயன்படுத்தாதீர்கள். அது எண்ணை எழுத்தாக மாற்றிவிடும். சரியான விடை எல்லாமே தவறாகிவிடும்.

5. தமிழ்ச் சொற்கள்: விடைத்தாளை வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருவில் நாம் அடித்திருந்து, மாணவர் யுனிகோடில் அடித்தால் ஒருபோதும் பொருந்தாது. மேலும் தமிழ்த் தட்டச்சு பழகாத குழந்தையின் விரல் பிழையை அறிவுப் பிழையாக எண்ணிவிடக் கூடாது. ‘டேட்டா வேலிடேஷன்’ சென்று ‘லிஸ்ட்’ தேர்ந்தெடுத்தால், விடைகளைக் கீழிறங்கும் பட்டியலாகத் தரலாம். மாணவர் சொடுக்கினால் போதும். கால்க்கில் இதற்கு ‘வேலிடிட்டி’ என்று பெயர்.

6. தசமங்கள்: சரியான விடையை நாம் நேரடியாக எழுதாமல், கணினியைக் கழித்துக் கண்டுபிடிக்கச் சொன்னால், அதன் உள்கணக்கில் மிகச் சிறிய வேறுபாடு வரலாம். அப்போது இரண்டு பக்கமும் ரவுண்ட் கட்டளையைப் பயன்படுத்தி, இரண்டு தசம இடங்களுக்குச் சுருக்கி ஒப்பிட வேண்டும்.

இதற்கு எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. (−5) + 5 என்ற கேள்விக்கு விடை 0. சூத்திரத்தின் தொடக்கத்தில் உள்ள ‘காலியாக இருந்தால்’ என்ற பகுதியை விட்டுவிட்டால், ஒன்றும் எழுதாத மாணவருக்கும் ‘சரி’ என்று வந்துவிடும். அந்தப் பகுதி நீளமாகத் தோன்றினாலும் நீக்க வேண்டாம்.

பூட்டு எதுவரை?

சூத்திரத்தை மாணவர்கள் தெரியாமல் அழித்துவிடாமல் இருக்கத் தாளைப் பூட்ட வேண்டும். முதலில் விடை எழுதும் கட்டங்களைத் தேர்வு செய்து, ‘ஃபார்மேட் செல்ஸ்’ பகுதியில் ‘புரொடெக்ஷன்’ சென்று ‘லாக்டு’ என்பதில் உள்ள குறியை எடுத்துவிடுங்கள். பிறகு ‘புரொடெக்ட் ஷீட்’ கொடுங்கள். இந்த வரிசை முக்கியம். முதல் படியை விட்டுவிட்டால் மாணவர் விடையே எழுத முடியாது. ‘விடை’ தாளின் பெயரில் வலச்சொடுக்கிட்டு ‘ஹைடு’ கொடுத்தால் அது மறைந்துவிடும்.

ஆனாலும் இதை முழுப் பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம். ஆர்வமுள்ள மாணவர் மறைத்த தாளை எடுத்துவிடுவார். எங்கள் வகுப்பில் ஒருவன் விடைக் கட்டத்திலேயே சமக்குறி போட்டு =−7+12 என்று எழுதினான். கணக்கைக் கணினியே போட்டு, கணினியே ‘சரி’ என்றது! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபிக்காமல், அடுத்த தாளில் என்னென்ன ஓட்டை இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் வேலையை அவனுக்கே கொடுத்தேன்.

எனவே இது பயிற்சிக்கானது. தேர்வுக்கோ மதிப்பெண் பதிவுக்கோ அல்ல. மதிப்பெண் பதிவாகிறது என்று தெரிந்தால் பிள்ளைகள் விடையைத் தேடுவார்கள். பதிவாகாது என்று தெரிந்தால்தான் வழியைத் தேடுவார்கள்.

வகுப்புக்கு முன் நான்கு சோதனைகள்

இப்போது எந்தத் தாளையும் இந்த நான்கையும் செய்யாமல் மாணவர்களிடம் கொடுப்பதில்லை. 10 கேள்விகளுக்குக் கால்மணி நேரம் ஆகும்.

முதலாவது, எல்லாக் கட்டங்களையும் காலியாக விட்டு, எங்காவது ‘சரி’ வருகிறதா என்று பார்ப்பேன். இரண்டாவது, எல்லாச் சரியான விடைகளையும், மாணவர் பயன்படுத்தப் போகும் அதே கணினியில், நானே தட்டச்சு செய்வேன். விடைத்தாளிலிருந்து நகலெடுத்து ஒட்டினால் இந்தச் சோதனைக்குப் பொருளில்லை. மூன்றாவது, வழக்கமான தவறுகளை எழுதி, உரிய குறிப்பு உரிய இடத்தில் வருகிறதா என்று பார்ப்பேன். நான்காவது, ஒரு மாணவரையோ வேறு பாட ஆசிரியரையோ உட்காரவைத்து, வாய் திறக்காமல் பக்கத்தில் நின்று கவனிப்பேன். நாம் நினைத்தே பார்க்காத விதத்தில் அவர்கள் விடை எழுதுவார்கள்.

சோதித்த கோப்பைத் தனியாகப் பத்திரப்படுத்தி, ஒவ்வொரு கணினிக்கும் அதன் நகலையே கொடுங்கள். இல்லையென்றால் முதல் குழு எழுதிய விடை இரண்டாம் குழுவுக்குத் தெரிந்துவிடும்.

வகுப்பறையில்

எங்கள் ஆய்வகத்தில் எல்லோருக்கும் ஒவ்வொரு கணினி இல்லை. இருவர் ஒரு கணினியில் உட்காருகிறார்கள். ஒருவர் குறிப்பேட்டில் போடுவார், மற்றவர் தட்டச்சு செய்வார். ஐந்து கேள்விக்குப் பிறகு மாறிக்கொள்வார்கள். குறிப்பேட்டில் வழிமுறை எழுதாமல் விடையைத் தட்டச்சு செய்யக் கூடாது என்பது முதல் விதி. ஒரு மடிக்கணினி மட்டும் உள்ள பள்ளியிலும் இது முடியும். படவீழ்த்தி இருந்தால் சுவரில் காட்டி, குழுவுக்கு ஒருவராக வந்து விடை எழுதச் சொல்லலாம்.

இரண்டாவது விதியை அந்தச் சம்பவத்துக்குப் பிறகு சேர்த்தேன். “கணினி ‘சரி’ சொல்லவில்லை, ஆனால் உன் வழிமுறை சரி என்று தோன்றுகிறது என்றால், அடிக்காதே. கையை உயர்த்து.” இதைத் தாளின் மேலேயே எழுதி வைத்திருக்கிறேன்.

அன்று நடந்ததை வகுப்பிலும் சொன்னேன். “நான்காவது கணக்குக்கு விடை 5தான். தாளைத் தப்பாகச் செய்தது நான்” என்று கரும்பலகையில் அந்த மாணவியின் எண்கோட்டையே வரைந்து காட்டினேன். அவள் தலை நிமிரவில்லை. ஆனால் அன்று குறிப்பேட்டில் அந்தப் பக்கத்தை மீண்டும் எழுதியிருந்தாள்.

சில வாரங்கள் கழித்து இன்னொரு தாள். அவள் கை உயர்ந்தது. “டீச்சர், இது தப்பா காட்டுது போல.” அருகில் போனேன். இந்த முறை தாள்தான் சரி. (−6) − 4 என்பதற்கு −2 என்று எழுதியிருந்தாள். நான் ஒன்றும் சொல்லாமல், “எப்படிப் போட்டே, சொல்லு” என்றேன். எண்கோட்டில் விரல் வைத்து விளக்கத் தொடங்கியவள் பாதியில் நிறுத்தி, “இடப்பக்கம் போகணும்ல?” என்று தானே அழித்துத் திருத்தினாள். −10. ‘சரி’ என்று வந்தது.

அவள் திரையைக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த கணக்கை எழுதத் தொடங்கிவிட்டாள்.